நேற்றைய தடம்

மோரேமி காட்டுக்குள் வழிகாட்டி ஒம்பிலேதான் ஜீப்பை ஓட்டினாள். பின்னால் மோட்சுமி, அவர் மனைவி, மகள் வாமே. வந்து மூன்று நாளாகியும் சிறுத்தை கண்ணில் படவில்லை. மத்தியானம் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

மணலில் ஒரு தடம் தெரிந்தது. ஒம்பிலே வண்டியை நிறுத்தினாள்.

"அக்கா, சிறுத்தையா?" என்று துள்ளினாள் வாமே.

ஒம்பிலே வாயைத் திறப்பதற்குள் மோட்சுமி எட்டிப் பார்த்தார். "சிறுத்தைதான். ஆனா நேத்துப் போனது. இருபது வருஷம் காட்டுல வேலை பாத்தவன் சொல்றேன், வண்டியைத் திருப்பும்மா."

"சரிங்கய்யா."

மறுபேச்சில்லாமல் திருப்பினாள்.

முகாமில் அடுத்த ஜீப்காரர்கள் கைபேசியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே தடத்தைப் பிடித்துப் போய், நூறடி தள்ளிச் சிறுத்தையையும் இரண்டு குட்டிகளையும் பார்த்திருந்தார்கள். வாமே தேம்பித் தேம்பி அழுதாள். அது மட்டும் ஒம்பிலேயைச் சுட்டது.

"புதுத் தடம்னு தெரியல? நீயெல்லாம் ஒரு வழிகாட்டியா?" என்று கத்தினார் மோட்சுமி.

"தெரியும்யா. பதினோரு வருஷம் முன்னால வழிகாட்டிப் பரீட்சையில, இதே மாதிரி ஒரு தடத்தை இன்னைக்குப் போனதுன்னு சொன்னேன். அதிகாரி நேத்துப் போனதுன்னார். 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, போய்ப் பாத்திரம் கழுவு'ன்னு ஃபெயில் போட்டார். நாலு வருஷம் இதே முகாம்ல கழுவினேன்."

வாமே அழுகையை நிறுத்தினாள். "யாருக்கா அந்த முட்டாள்?"

ஒம்பிலே மோட்சுமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களே சொல்லிடுங்கய்யா."