வேறெங்கும் இல்லாத மரம்

அந்த அம்மா இன்றும் வந்துவிட்டார். ஜப்பானின் ஆங்யோவில் மேப்பிள் நாற்றுப் பண்ணை வைத்திருந்த தொகாஷி, கொட்டகைக்குள் இருந்தபடியே அவரை நோட்டம் விட்டார். மற்ற செடிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் அந்த அம்மா நேராக அந்த ஒரு மரத்திடம்தான் போனார். வேறு எந்தப் பண்ணையிலும் இல்லாத, ரோஜா நிறத்தில் துளிர்க்கும் மரம் அது. ஒரு குச்சியை ஒடித்துப்போய் வேறொரு செடியில் ஒட்டுக் கட்டிவிட்டால், நாளைக்கு ஊரெல்லாம் அதுதான் நிற்கும்.

அந்த அம்மாவின் கை கிளையில் பட்டதும் தொகாஷி விரைந்து வந்தார்.

“பையைத் திறங்கம்மா.”

பைக்குள் ஒரு குடையும் சோற்று உருண்டையும்தான் இருந்தன.

“குச்சி ஒடிக்கத்தானே தினமும் வர்றீங்க?”

“ஒடிக்க வரல. கேட்டு வாங்கத்தான் வந்தேன், வாய் வரல. இதோட தாய் மரம் எங்க வீட்லதான் நின்னுச்சு. என் வீட்டுக்காரர் விதை போட்டு வளத்தது.”

தொகாஷியின் முகம் வெளுத்தது.

“நீங்க சுவருக்கு மேல எட்டிக் கிளையை வெட்டினப்ப, நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். அன்னிக்கு வயிறெரிஞ்சு திட்டினேன். போன புயல்ல அந்த மரம் வேரோட சாஞ்சிருச்சு.”

அந்த அம்மா ஓர் இலையை மெல்லத் தடவினார்.

“நல்லவேளை, நீங்க திருடினீங்க.”