பால் டின்

குருண் ஊர் மண்டபத்தில், தொலைக்காட்சியில் சமைத்துப் பேர் வாங்கிய ரூபினி தன் புதிய சமையல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மத்தியான வெயில் மேசை விரிப்பின் பாதிவரை வந்துவிட்டது. மின்விசிறிக் காற்றில், அட்டையில் சிரிக்கும் அவள் முகம் எழும்பி எழும்பி விழுகிறது. வரிசையில் அடுத்து நிற்கும் வயதான பெண்மணி, தன் புத்தகத்தில் மஞ்சள் கறை படிந்த பக்கம் ஒன்றை விரித்து அவள் முன்னால் வைக்கிறாள். பக்கத்தின் தலைப்பு, ‘என் அம்மாவின் வாத்துக் கறி.’ ரூபினியின் பேனா நின்றுவிடுகிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு புக்கிட் செலம்பாவுக்குப் படப்பிடிப்புக்குப் போனபோது, இந்தப் பெண்மணியின் அடுப்படியில் நின்றுதான் அந்தக் கறியை எழுதிக்கொண்டாள். ரூபினியின் அம்மா வாத்தைத் தொட்டதே இல்லை. பெண்மணி பையிலிருந்து ஒரு பழைய பால் டின்னை எடுத்துப் பக்கத்தின் மேல் வைக்கிறாள். தாள் உரிந்து, விளிம்பு தேய்ந்து பளபளக்கும் டின். “வறுத்த தேங்கா ஒரு கப்புன்னு போட்டிருக்கும்மா. கப்புல அளந்தா கொழம்பு தண்ணியா போயிரும். நம்ம வீட்டுல இதுலதானே அளப்போம். நாந்தான் அன்னிக்கு வெளங்குற மாதிரி சொல்லல போல. ஒங்கம்மா பேருல வந்திருக்கு, ஆளுங்க அவங்கள தப்பா பேசிறக் கூடாதுலா.” அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று ரூபினி தேடிப் பார்க்கிறாள். இல்லை. காது மடல் சுடுகிறது. டின்னை நகர்த்திவிட்டு முதல் தாளைப் புரட்டுகிறாள். “என் பேரு போட்டு எழுதுங்கம்மா” என்கிறாள் பெண்மணி. அன்றைக்கு அந்த வீட்டில் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள், இப்போது குனிந்த தலையோடு, “பேரு என்னக்கா?” என்று கேட்கிறாள்.