வடக்கு வெளிச்சம்

முதல் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று, அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

நான்காம் மாடிக்கு மேலே, கண்ணாடிக் கூரையின் விளிம்பில், முதல் தகரத்தைத் தூக்கியிருந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள்.

கீழே நடுக்கூடத்தில் மூன்று பெண்கள் ஒரு பட்டுச்சேலையை விரித்துப் பிடித்திருந்தார்கள். தடுப்புக் கயிற்றுக்குள் குனிந்து நுழைந்திருக்க வேண்டும். பின்னாலேயே, கழுத்தில் அட்டை தொங்க, மாலிலுள்ள பட்டுக்கடையின் விற்பனைக்காரன்.

"ஏனுங்க, மேல வேல நடக்குது. எதாச்சும் விழுந்துரும்," என்றாள் மாடியிலிருந்து.

"ஒரு நிமிசம் கண்ணு. மொகூர்த்தச் சேல. கலரு பாத்துட்டுப் போயர்றோம்."

பதில் சொன்னது மூத்தவள். கல்யாணப் பெண்ணுக்குப் பெரியம்மாவாக இருக்கும். அதிகாரம் அப்படி.

ஈரோட்டில் இந்த மால் வருவதற்கு முன்பு இந்த இடத்தில் ஒரு ஜவுளி மாளிகை இருந்தது. கடை போய்விட்டது. கட்டடத்தை விட்டுவைத்து, அதன் இரண்டு பக்கமும் மாலின் கட்டடங்களை ஒட்டிவிட்டார்கள். இப்போது அது வெறும் நடுக்கூடம். அதன் கண்ணாடிக் கூரையைத் தகரத்தால் மூடி, இருட்டாக்கி, இரும்பு பீமிலிருந்து ஒரு பெரிய விளம்பரத் திரையைத் தொங்கவிட வேண்டும்.

விளக்கும் திரையும் மாட்டும் ஒப்பந்தக்காரியாக அவள் சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை அது. கைவிட்டுப் போனால், மறுபடி யாரிடமாவது சம்பளத்துக்குத்தான் நிற்க வேண்டும்.

"அக்கா, கடைல பாத்த அதே அரக்குதானுங்க்கா," என்றான் விற்பனைக்காரன்.

"இது அரக்கா? உன்ற கண்ணாலத்துக்கு இதத்தான் எடுப்பியா தம்பி?"

கல்யாணப் பெண் தன் பக்கத்து முனையைத் தூக்கிப் பிடித்தாள்.

கூரை வெளிச்சத்தில் அரக்கு செத்துப்போனது. குறுக்கே ஓடும் ஊடை நூல் முழுக்கக் கறுப்பு. சிவப்பு ஒருமுறை மேலோட்டமாக மினுங்கிவிட்டு அடங்கியது.

"பெரீமா, இது கறுப்பு."

மெதுவாகத்தான் சொன்னாள். அம்மாக்காரி கை சுட்டதுபோலச் சேலையை விட்டுவிட்டாள்.

"மணவறைல கறுப்புல உக்கார வெக்கப் பாத்தானே! அந்தக் கடைக்கு லைட்டு மாட்டுனவன் மட்டும் என்ற கைல சிக்குனான்னா..."

அந்த லைட்டை மாட்டியது மாடியில் நின்ற அவள்தான்.

போன வருடம், வேலை பார்த்த கம்பெனிக்காக. பட்டு எரிகிற மாதிரி தெரிய வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். எரிந்தது. அவளுக்கும் அதில் பெருமைதான்.

அவள் மேலே பார்த்தாள்.

ஒரு வாரமாக இந்தக் கட்டடத்தை அளந்துகொண்டிருக்கிறாள். பார்த்ததில்லை.

கண்ணாடிகள் படுத்திருக்கவில்லை. வரிசை வரிசையாகச் சாய்ந்து, எல்லாமே வடக்குப் பார்த்திருந்தன. வெயில் உள்ளே வராது. வெளிச்சம் மட்டும் வரும். காலையிலும் மாலையிலும் ஒரே நிறத்தில்.

மேலே போகப் போக ஒவ்வொரு மாடியும் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. தரைவரை வெளிச்சம் இறங்க வேண்டும் என்பதற்காக. கட்டியவன் மாடிக்கு மாடி தன் கடையின் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறான்.

கைப்பிடிச் சுவரின் மேல் அகலமான தேக்குப் பலகை. விளிம்பைத் தடவினாள். உருட்டி இழைத்திருந்தார்கள். ஆணித்தலை எதுவும் தட்டுப்படவில்லை. சேலையை வீசிப் போட்டால் ஓர் இழைகூடச் சிக்காது.

மற்றக் கடைகளில் நிறம் பார்க்கப் பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். இவன் வாசலையே உள்ளே கொண்டுவந்திருந்தான். சேலையின் நிறம் பார்க்க நான்கு மாடி உயரத்தில் ஒரு கருவி கட்டி, அதற்குள் கடை வைத்திருந்தான்.

பிடித்தால் எடு, பிடிக்காவிட்டால் போ என்கிற கட்டடம்.

திமிர் பிடித்த வியாபாரி. அந்தத் திமிர் அவளுக்குப் பிடித்திருந்தது.

மாலில் வேறெங்கும் ஒரு சன்னல் கிடையாது. கடையில் எடுத்த சேலையைப் பெண்கள் இங்கே கொண்டுவருகிறார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

"வேற எடுத்துப் போடு, வா," என்று பெரியம்மா விற்பனைக்காரனை முன்னால் விட்டு நடத்திக்கொண்டு போனாள். "இந்தத் தடவ நீயே தூக்கிட்டு வரணும். எனக்கு முட்டி வலிக்குது."

போன் அடித்தது. மால் மேலாளர்.

"என்னம்மா, தகரம் இன்னும் ஏறலையாமா? சாயந்திரம் ஸ்க்ரீன் வந்துரும்."

அவள் பீம்களைப் பார்த்தாள். காலையில்தான் ஏறிப்போய் ஒன்றைச் சுரண்டியிருந்தாள். துரு இல்லை. அந்தத் திரையைப் போல இரண்டைத் தொங்கவிட்டாலும் அசையாது.

"பீம் வீக்கா இருக்குங்க சார். ஸ்க்ரீன் வெயிட்டத் தாங்காது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். விழுந்துரும்."

"நெனச்சேன். டப்பாக் கட்டடம்." மேலாளர் மூச்சு விடுவது கேட்டது. "ஸ்க்ரீன முன்வாசல்ல மாட்டிக்கறேன். அதுக்கு எங்கிட்ட வேற ஆளு இருக்கு. நீ தகரத்த எறக்கிட்டுக் கெளம்பு. பில்லு கில்லுன்னு வந்துராத."

"சரிங்க சார்."

"என்னிக்காச்சும் அந்தச் சனியன இடிச்சாத்தான் நமக்கு நிம்மதி."

போன் அணைந்தது.

அவள் கை காட்டியதும் மேலே ஆட்கள் தகரத்தைக் கயிற்றில் கட்டி இறக்க ஆரம்பித்தார்கள். வேறு யாரோ இருவர் மாம்பழ நிறத்தில் ஒரு சேலையோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து காத்திருந்தார்கள்.

திடமான கட்டடத்தை வலுவில்லாதது என்று பொய் சொல்லும்போது, அவள் அதன் நடுக்கூடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள்.

இன்னும் அப்படியேதான் நிற்கிறாள்.