பீப் சத்தம்

விமானம் கிளம்பும் நேரத்தில் மறுபடியும் 'பீப்' என்று சத்தம் கேட்டது. முன் இருக்கைப் பெரியவர் மடியில் ஒரு கறுப்புப் பையை அணைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு முழியே சரியில்ல," என்றான், காலையில்தான் கல்யாணமான புதுமாப்பிள்ளை.

"பாவம், விடுங்களேன்," என்று மனைவி அவன் கையைப் பிடித்தாள்.

அவன் கேட்கவில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "அவர் பையைத் திறக்கச் சொல்லுங்க," என்றான்.

பெரியவர் திறந்து காட்டினார். "தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னுடும், தம்பி. அதுக்கான மெஷின். அணைச்சுத்தான் வச்சிருக்கேன்."

மீண்டும் சத்தம். இம்முறை அவனுக்கு வெகு பக்கத்தில்.

மனைவி இடுப்பிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்தாள். "உடம்புக்குள்ள இன்சுலின் ஏத்துற மெஷின். மருந்து தீரப்போகுதுன்னு கத்துது. பள்ளிக்கூட நாள்லேருந்தே எனக்குச் சர்க்கரை."

அவனுக்கு முகம் சிவந்தது. "இப்படி ஏமாத்திட்டியே! எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அத்தைகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். அவங்கதான், 'கல்யாணம் முடியற வரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாதே. என் பிள்ளைக்கும் தீராத வியாதி ஒண்ணு இருக்கும்மா, சந்தேகம். அதைச் சொன்னா யாரும் பொண்ணு தர மாட்டேங்கிறாங்க'ன்னாங்க."