முடிந்த வேலைக்கு ஒரு சர்டிபிகேட்

“முடிஞ்ச வேலைக்கு எதுக்கு மேடம் இத்தனை கேள்வி? ஒரு பேரைச் சேர்த்துக் கொடுத்தா, நான் பாட்டுக்குப் போயிடுவேன்!”

கதவருகே நின்றபடியே கத்தினார் வைரவன். கூரைக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் மாட்டும் கான்ட்ராக்டர். இந்த வாரத்தில் மட்டும் இது நாலாவது தடவை.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் பத்து வருஷம் குப்பை கொட்டிய சங்கீதாவுக்கே தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அண்ணே, உங்க பாலிசி, வேலை நடக்கிற வரைக்கும்தான். நீங்க சீலிங்கை மாட்டிட்டு வந்தாச்சு. இனிமே அது யார் தலையிலாவது விழுந்து, அந்த ஆளு பில்டிங் ஓனர் மேல கேஸ் போட்டா, ஓனரையும் சேர்த்துக் காப்பாத்தணும். அதுக்குத் தனியா எழுதணும். சும்மா பேரைச் சேர்க்க இது என்ன கல்யாணப் பத்திரிகையா?”

“அதைத்தான் தாயீ ஓனரும் கேட்கிறாரு. அவர் பேர் போட்ட சர்டிபிகேட் வந்தாத்தான் வேலை முடிஞ்சதுன்னு லெட்டர் தருவாராம். வெள்ளிக்கிழமை எனக்கு ஊருக்கு ஃப்ளைட்டு. மூணு வருஷம் கழிச்சுப் போறேன்.”

“சரி, முதல்ல உள்ளே வந்து உட்காருங்க. இங்கேயிருந்து கத்திக் கத்தி என் தொண்டை போகுது.”

“வேண்டாம் மேடம். நின்னுக்கறேன்.”

எப்போதும் இதே கதைதான். மேசைக்கு எதிரே நாற்காலி காலியாகக் கிடக்கும். மனிதர் வாசற்படியைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டார். தன் மேல் ஏதாவது நாற்றம் அடிக்கிறதா என்று நேற்று துப்பட்டாவை முகர்ந்துகூடப் பார்த்துவிட்டாள் சங்கீதா.

போதாக்குறைக்கு இந்தத் தூசி வேறு. வாடகை குறைவு என்று பர் துபாயிலிருந்து அல் கூஸுக்கு ஆபீசை மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது. ஜன்னலைச் சாத்தியே வைத்தாலும் தினமும் காலையில் மேசை மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். பாலைவனத்தைத் திட்டிக்கொண்டே துணியால் துடைத்தாள்.

“மேசையை அந்த ஜன்னல் ஓரமாப் போட்டுக்கலாமே மேடம்? வாஸ்துப்படி...”

“அண்ணே! முதல் நாள் வந்ததுலேர்ந்து இதே பாட்டு. நீங்க இன்ஷூரன்சுக்கு வந்தீங்களா, வாஸ்து பார்க்க வந்தீங்களா?”

சங்கீதா விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“இதைப் பாருங்க. சைட் அட்ரஸ்: ‘அல் கூஸ், வேர்ஹவுசுக்குப் பின்னாடி.’ இது ஒரு அட்ரஸா? அல் கூஸ்ல தடுக்கி விழுந்தா வேர்ஹவுஸ்!”

“இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தானே மேடம் வழி சொல்றோம்? பக்கத்துலதான் இருக்கு.”

“எவ்வளவு பக்கத்துல?”

“ரொம்பப் பக்கம்.”

அடக் கடவுளே! போன மாதம் இப்படித்தான் ஒருவர் ‘மசூதிக்கு எதிரே’ என்று சொன்னதை நம்பி, வேறு கட்டடத்துக்கு சர்டிபிகேட் கொடுத்து மெமோ வாங்கினாள். இன்னொரு தப்பு வந்தால் வேலை காலி என்று சொல்லிவிட்டார் மேனேஜர் ராஜீவ். வேலை போனால் விசா போய்விடும். மகன் பத்தாம் வகுப்பில் பாதி வருஷத்தில் இருக்கிறான். கணவனுக்கோ ஆறு மாதமாக வேலையில்லை.

“அட்ரஸ் ஒண்ணு. இன்னொண்ணும் கேட்டுக்கறேன். அந்த சீலிங்ல குறை ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. குறை தெரிஞ்ச வேலைக்குப் பாலிசி கிடையாது. நீங்க மறைச்சு, நான் கையெழுத்துப் போட்டா என் பொழப்பு போயிடும்.”

வைரவன் அண்ணாந்து பார்த்தார்.

“ஆண்டவன் புண்ணியத்துல இதுவரைக்கும் நிக்குது மேடம்.”

கேள்வி கேட்டால் போதும், உடனே மேலே பார்த்துக் கடவுளைக் கூப்பிட்டுவிடுவார். நாலு நாளாக இதே பக்திதான். சங்கீதாவின் பொறுமை அதோடு தீர்ந்தது.

“ஒவ்வொரு பில்டிங் வாசல்லயும் பத்து இலக்க நம்பர் போட்ட பலகை ஒண்ணு அடிச்சிருப்பாங்க. அதைப் போட்டா மேப்ல இடம் வந்துடும். அந்த நம்பரைச் சொல்லுங்க. இல்லேன்னா கலாஸ்! ஃபைலை மூடிடறேன்.”

“நம்பர் இல்லாம முடியாதா மேடம்?”

“முடியாது!”

வைரவன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, இருந்த இடத்திலிருந்தே ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். சங்கீதா அதைப் போன் மேப்பில் அடித்து, எவ்வளவு தூரம் என்று பார்க்க வழி கேட்டாள்.

“நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னது போன்.

“சனியன், இதுவும் மக்கர் பண்ணுது!”

அழித்துவிட்டு, நிதானமாக மறுபடி அடித்தாள். போன் மறுபடியும் அதையே சொன்னது. இப்போதுதான் துடைத்த மேசையில், அவள் கையெழுத்துப் போட வேண்டிய விண்ணப்பத்தின் மேல், வெள்ளைப் பொடி கொஞ்சம் வந்து விழுந்தது.

சங்கீதா மெல்லத் தலையைத் தூக்கி, நாலு நாளாக வைரவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள்.

“முதல் நாளே சொன்னேனே தாயீ” என்றார் வைரவன், கதவுக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்தபடி. “மேசையை ஜன்னல் ஓரமாப் போட்டுக்கங்கன்னு!”