தொண்ணூறு நாள்

ஏழாவது வரியில் ஒரு மேற்கோள்குறி விட்டுப்போயிருந்தது. ஃபிளோரா அதைப் போட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

இந்த முறை சிவப்பு எழுத்து வரவில்லை. கறுப்புத் திரையில் பெயர்கள் மளமளவென்று இறங்கின. நாற்பத்தொரு பெயர்.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவர்கள் அலுவலகம். துபாயில் இருக்கும் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை இங்கிருந்து ஒன்பது பேர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புதிது போட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு லாகின் திறக்க வேண்டும். தொண்ணூறு நாள் ஒருவர் உள்ளே வரவில்லை என்றால் அவர் லாகினை மூட வேண்டும்.

அந்தக் கடைசி வேலை ஃபிளோராவிடம் புதிதாக வந்திருந்தது. முன்பு அதைச் செய்தவர் மாதாமாதம் அறுநூறு பேரின் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியாக வந்த தேதியைத் தாளில் எழுதி, விரல் விட்டு நாள் எண்ணுவார். இரண்டு நாள் போய்விடும்.

மூன்று வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் தேடிப் படித்து, கம்ப்யூட்டரே அதைச் செய்துகொள்ள ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பதினோரு வரி. அவள் எழுதிய முதல் ஸ்கிரிப்ட்.

நான்கு விநாடியில் வேலை முடிந்துவிட்டது.

ரெஜினிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவள் கணவன். துபாயில் அதே கம்பெனியில்தான் ஸ்டோர் கீப்பர். இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அங்கிருந்து தகவல் சொன்னவனே அவன்தான். மதியம் கூப்பிடுவான். சொன்னால் சிரிப்பான்.

அப்போதுதான் பதினேழாவது பெயரைப் பார்த்தாள்.

ரெஜின். கடைசியாக உள்ளே வந்து நூற்றுப் பத்தொன்பது நாள்.

பக்கத்தில் தேதி எண்ணாக இருந்தது. பத்து, ஆறு. ஸ்கிரிப்ட் அதை ஜூன் பத்து என்று எடுத்திருந்தது. நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால் அக்டோபர் ஆறு. அதாவது நேற்று. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது என்று அவள் படித்த பக்கத்திலேயே போட்டிருந்தது.

தான் எழுதியது தப்பாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

அவன் பக்கத்தைக் கையால் திறந்தாள். அங்கே மாதம் எழுத்தில் இருந்தது. ஜூன்.

ஸ்கிரிப்ட்டில் தவறில்லை.

அவன் வேலை பார்க்கும் அதே கட்டட சைட்டைச் சேர்ந்த இன்னும் ஐந்து பேருக்கும் அதே தேதி. ஸ்டோரிலிருந்து ஒரு ஆணி வெளியே போனாலும் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும் என்று ரெஜின் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். நூற்றுப் பத்தொன்பது நாளாக அவன் ஒரு ஆணியைக்கூட ஏற்றவில்லை.

அத்தனை நாளும் தவறாமல் போன் செய்தான். மேனேஜரின் கோபம், கேண்டீன் சாம்பார், ஓடாத ஏசி என்று எல்லாம் சொன்னான்.

"வந்துடுச்சா ஃபிளோரா?" பின்னாலிருந்து ஹமீதா பானு கேட்டார். அவர்தான் அங்கே பொறுப்பு.

"வந்துடுச்சு மேடம்."

"கையால ரெண்டு மூணு ஒத்துப் பார்த்தியா?"

"பார்த்தேன். சரியா இருக்கு."

"அப்ப மூடிடு."

ஒரு பெயரை மட்டும் விட்டுவிட ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியால் அங்கே எதுவும் மாறப் போவதில்லை. அழித்தாள். எண்டரைத் தட்டினாள்.

மூடப்பட்டது என்ற சொல் நாற்பத்தொரு முறை வந்தது.

ஹமீதா பானு மற்றவர்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஃபிளோரா சிரித்தாள்.

ஒன்றரைக்குப் போன் வந்தது. மாடிப்படிக்குப் போனாள். கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? ஸ்டோர்லதான். ஸ்டாக் எடுக்குறாங்க, காலையிலேர்ந்து சீட்டை விட்டு எழுந்திருக்க முடியல."

அவன் பேச்சுக்குப் பின்னால் காற்று இரைந்தது. யாரோ இரும்பை இரும்பால் அடித்தார்கள். இந்தச் சத்தம் தினமும்தான் கேட்டிருக்கிறது. கம்பெனி என்றால் சத்தம் இருக்கும் என்று விட்டிருந்தாள்.

"என்னங்க..." என்று ஆரம்பித்தாள்.

"அப்பா ஏன் போனே எடுக்க மாட்டேங்குறாங்க? பகல்ல எப்ப அடிச்சாலும் எடுக்கறதில்ல. நடவு முடிஞ்சுதா?"

ஃபிளோரா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"முடிஞ்சுதுங்க. நேத்துதான். மாமா வயல்ல நிக்கிறாங்க, தண்ணி நல்லா வருது, மடை பார்க்கணும்ல. போனை வீட்டுலயே வச்சிட்டுப் போயிடறாங்க."

"சரி. வெயில்ல ரொம்ப நிக்க வேண்டாம்னு சொல்லு."

"சொல்றேன்."

அவள் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அவன் போனை வைத்துவிட்டான்.

திருப்பனந்தாள் பக்கம் அவர்கள் வாய்க்காலில் அந்த வருடம் தண்ணீர் வரவில்லை. நாற்று விடவேயில்லை. மாமா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரவுக் காவலுக்குச் சேர்ந்து இரண்டு மாதம் முடிந்திருந்தது. பகலில் தூங்குவார்.

ரெஜினுக்குத் தெரிய வேண்டாம், கவலைப்படுவார் என்று மாமாவிடம் சொன்னவள் ஃபிளோராதான்.