இருட்டிலும் தெரியும் முகம்

"இன்னும் மைக் மாட்டலையாய்யா? வெளியில என் கார் மேல செருப்பை வீசறானுங்க. உள்ள நீங்க ஆடி அசைஞ்சு வர்றீங்க."

ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி கண்ணாடியைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டே சீறினார். டிவி நிலைய வாசலில் கூட்டம் அவரை மறித்துக் கத்தியதில் எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.

"மாட்டியாச்சு சார்" என்றான் பக்கத்தில் நின்ற மைக்காரன்.

குனிந்து பார்த்தார். காலரில் மைக் இருந்தது. வயர் சட்டைக்குள்ளேயே இறங்கி, பேண்ட்டின் பின் பாக்கெட்டில் டப்பாவும் ஏறிவிட்டிருந்தது. எப்போது செய்தான் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

"லீவுல இருந்தவன் சார். நீங்க வர்றீங்கன்னதும் நானே மாட்டறேன்னு ஓடி வந்துட்டான்" என்று நெறியாளர் குழைந்தார். மாஜி அதிகாரி அவன் பக்கம் திரும்பவில்லை. ஏவல் செய்கிறவன் முகத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்குச் சர்வீசிலேயே கிடையாது.

"இன்ஸ்பெக்டர் என் மருமகன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க" என்று நெறியாளரின் காதைக் கடித்தார் மாஜி.

அதுதான் சங்கதி. லாக்கப்பில் ஒருவன் செத்துப்போய்விட்டான், மருமகன் சஸ்பெண்ட் ஆகிவிட்டான், கொலைக் கேஸ் போடு என்று ஊரே கொதிக்கிறது. "அப்பா, நீங்கதான் பேசி அவரைக் காப்பாத்தணும்" என்று மகள் காலையில் அழுதிருந்தாள். செத்தவன் உருப்படாதவன் என்று இன்றைக்கு ஊரை நம்பவைத்துவிட்டால் போதும், கொதிப்பு தானாக அடங்கிவிடும்.

நேரலை தொடங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த வக்கீலம்மா எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தார்.

"கதவைத் தட்டினாங்க. திறந்த பையனை இழுத்துட்டுப் போனாங்க. மறுநாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து செத்துட்டான்னு சொல்றாங்க. உங்க ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் ஏன் சார் ஆளைக் கொல்லுது?"

"எங்கயாவது திருட்டு நடந்தா, பழைய கேடி வீட்டுக்குத்தான் முதல்ல போவோம். அதாம்மா எங்க வழக்கம். அவன் மேல பதினொரு கேஸ்."

"ஒரு கேஸ்கூட இல்லைன்னு அவன் அம்மா கதறினாங்களே."

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று சிரித்தார் மாஜி. தன் வீட்டுக் குஞ்சின் ஞாபகம் வந்ததோ என்னவோ, சிரிப்பைச் சட்டென்று விழுங்கிக்கொண்டார்.

"திருடனாவே இருக்கட்டும். அடிச்சுக் கொல்ல நீங்க யாரு?"

"பர்ஸைப் பறிகொடுத்தவன்கிட்ட போய்க் கேளுங்க, நாங்க யாருன்னு."

திரையின் அடியில் நேயர்களின் கருத்துகள் ஓட ஆரம்பித்தன. சரியான பதிலடி என்றது ஒன்று. திருடனுக்கு எதற்குக் கண்ணீர் என்றது இன்னொன்று. மாஜிக்கு மூச்சு சீராக வந்தது. மகள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கதவைத் திறந்தவன் முகத்தையாவது சரியாப் பார்த்தாங்களா?" வக்கீலம்மா விடுவதாக இல்லை.

"என்கிட்டயே கேக்கறீங்களா? ஆறு வருஷம் முன்னாடி அவனைப் பிடிச்சு உள்ள தள்ளினதே நான்தான். அப்படி ஒரு கைவேகம் அவனுக்கு. பின் பாக்கெட்ல கையை விட்டா உடம்புக்கே தெரியாது. அவனை இருட்டுல பார்த்தாக்கூட நான் சொல்லிடுவேன். போலீஸ் கண்ணு தப்பாது."

சொல்லிவிட்டு நெஞ்சில் ஓங்கித் தட்டிக்கொண்டார். தட்டிய வேகத்தில் மைக் கழன்று மடியில் விழுந்தது. இன்னும் நாலு வார்த்தை பாக்கியிருக்கும்போதா இது என்று பல்லைக் கடித்தார்.

மைக்காரன் கேமராவுக்குக் கீழே குனிந்தபடி வந்து, அவர் நாற்காலியருகே மண்டியிட்டான். மாஜி வழக்கம்போல மோவாயைத் தூக்கிக் காட்டிவிட்டு நெறியாளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் காலருக்கு வரவில்லை. வயர்தான் இழுபட்டது. எரிச்சலோடு கீழே பார்த்தவர், முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். மீசை நுனியில் வியர்த்தது.

மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி நிதானமாகச் சொன்னான் அவன்.

"அந்தத் திருடன் நான்தான் சார். உங்க மருமகன் அடிச்சுக் கொன்னது என் தம்பியை."